சிறைக்குப் போகாதவர்கள் எழுதிய சிறைப் பாடல்கள்

கன்ட்ரி இசையைப் பற்றி அமெரிக்காவில் வேரோடிப்போன நம்பிக்கை ஒன்று உண்டு: பாடுகிறவர் தான் பட்டதைப் பாடுகிறார் என்பது. சுரங்கத்தைப் பாடினால் சுரங்கத் தொழிலாளி வீட்டுப் பிள்ளையாக இருக்க வேண்டும். குடியைப் பாடினால் குடித்துச் சீரழிந்தவராக இருக்க வேண்டும். சிறையைப் பாடினால் கம்பி எண்ணியவராக இருக்க வேண்டும். இதற்கு நல்ல சாட்சிகளும் இருக்கிறார்கள். கென்டக்கியில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியின் மகளாகப் பிறந்து, அந்தப் பிறப்பையே பாட்டாக்கிப் புகழ்பெற்ற லொரெட்டா லின் ஒருவர். ஆனால் சிறைப் பாடல்கள் பக்கம் வந்தால் இந்த நம்பிக்கை ஆட்டம் காண்கிறது. அவற்றில் மிகப் பெரிய பாடலான ‘ஃபோல்சம் ப்ரிசன் ப்ளூஸ்’ பாடிய ஜானி கேஷ், தண்டனைக் கைதியாக ஒரு நாள்கூட இருந்ததில்லை. 1965இல் மாத்திரைகள் வைத்திருந்ததற்காக டெக்சஸ் மாநிலத்தின் எல் பாசோவில் பிடிபட்டார். அதே ஆண்டு இரவு நேரத்தில் ஊருக்குள் புகுந்து பூப் பறித்ததற்காக மிசிசிப்பியின் ஸ்டார்க்வில்லில் லாக்கப்பில் கிடந்தார். அவருடைய சிறை அனுபவமெல்லாம் இப்படி ஒரு ராத்திரிக் கணக்குதான். இதைக் கேட்டதும் ‘அப்படியானால் அந்தப் பாட்டு பொய்’ என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. ஒரு சிறைப் பாட்டை எடைபோட, பாடியவர் உள்ளே இருந்தாரா என்று விசாரிப்பது உதவாது. அதை யாரிடமிருந்து எடுத்தார், எடுத்ததை ஒப்புக்கொண்டாரா என்று விசாரித்தால்தான் உருப்படியான பதில் கிடைக்கும்.

முதலில் அந்தப் பாட்டு பிறந்த விதம். 1950களின் தொடக்கத்தில் கேஷ் அமெரிக்க விமானப்படையில் சேர்ந்து, மேற்கு ஜெர்மனியின் லாண்ட்ஸ்பெர்க் தளத்தில் சோவியத் மோர்ஸ் செய்திகளை ஒட்டுக்கேட்டு எழுதும் வேலையில் இருந்தார். அங்கே ‘இன்சைட் த வால்ஸ் ஆஃப் ஃபோல்சம் ப்ரிசன்’ என்ற 1951ஆம் ஆண்டுப் படத்தைப் பார்த்தார். கலிஃபோர்னியாவின் ஃபோல்சம் சிறை அவருக்கு அறிமுகமானது அந்தத் திரையில்தான். நாடு திரும்பி, 1955 ஜூலையில் மெம்ஃபிஸ் நகரின் சன் ஸ்டூடியோவில் பாட்டைப் பதிவு செய்தார். லூதர் பெர்கின்ஸின் எலக்ட்ரிக் கிட்டார், மார்ஷல் கிராண்டின் பாஸ், கேஷின் கிட்டார் என்று மூன்றே வாத்தியம், டிரம்ஸ் கிடையாது. அந்தக் குறையை ஈடுகட்ட, கேஷ் தன் கிட்டாரின் தந்திகளுக்கிடையே மடித்த காகிதத்தைச் செருகி வாசிப்பார். தந்தி இசைக்காமல் காகிதம் உரசும் ஓசை எழும். கேட்பவருக்கு ரயில் சக்கரம்போல் இருக்கும். பாட்டிலோ தகவல் பிழை கண்ணில் படும்படியே இருக்கிறது. அதில் வரும் கைதி கொலை செய்தது ரீனோவில். அது நெவாடா மாநிலத்து ஊர். நெவாடாவில் செய்த கொலைக்கு கலிஃபோர்னியா சிறையில் அடைபட வேண்டியதில்லை. சட்டத்தைப் பார்த்து எழுதிய பாட்டில்லை அது. வெளியே ஓடும் ரயிலையும் உள்ளே கிடக்கும் மனிதனையும் ஒரே நேரத்தில் காதில் விழச் செய்ய எழுதியது.

அந்தப் பாட்டின் உடல் கேஷுடையதல்ல என்பது இன்னும் பெரிய விஷயம். ஃபிராங்க் சினாட்ரா, நாட் கிங் கோல் ஆகியோருக்கு இசைக்குழு ஏற்பாடுகள் செய்த கார்டன் ஜென்கின்ஸ், 1953இல் ‘செவன் ட்ரீம்ஸ்’ என்ற ரெக்கார்டை வெளியிட்டார். அதில் பெவர்லி மார் பாடிய ‘கிரெசன்ட் சிட்டி ப்ளூஸ்’ என்ற பாடல் இருக்கிறது. சிற்றூரில் முடங்கிக் கிடக்கும் ஒரு பெண், தொலைவில் போகும் ரயிலின் சத்தத்தைக் கேட்டு ஏங்குவதைச் சொல்லும் பாட்டு. மெட்டு, வரிகளின் அடுக்கு, வரிகள் பலவும் கேஷின் பாட்டில் அப்படியே இருக்கின்றன. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்ட எவருக்கும் சந்தேகம் வராது. கேஷ் செய்த மாற்றம் அளவில் சிறியது. ஏங்கும் பெண்ணை எடுத்துவிட்டு ஆயுள் முழுக்க உள்ளே கிடக்கப்போகும் கொலையாளியை வைத்தார். காரணமே இல்லாமல் கொன்றதாக அவன் சொல்லும் ஒரு வரியைச் சேர்த்தார். ரயிலின் உணவுப் பெட்டியில் உட்கார்ந்திருக்கும் பணக்காரர்களைப் பற்றி இரண்டு பாட்டிலும் ஒரு இடம் வருகிறது. ஜென்கின்ஸின் பணக்காரர்கள் அரிய பறவை இறைச்சியும் மீன் முட்டையும் தின்கிறார்கள். கேஷின் பணக்காரர்கள் காப்பி குடித்துச் சுருட்டுப் பிடிக்கிறார்கள். இந்த ஒரு மாற்றத்தில் பாட்டு ஆள் மாறிவிட்டது. ஆடம்பரத்தைப் பத்திரிகையில் படித்தவர் பறவை இறைச்சியை எழுதுவார். உள்ளே அடைபட்டவன் நினைத்து வேகிறது ஒரு வாய் காப்பிக்கும் ஒரு இழுப்புக்கும்தான். சிறையில் ஒரு நாளும் இல்லாத கேஷ் அதைக் கண்டுகொண்டார். ஆர்கன்சாவின் பருத்திக் காட்டில் வளர்ந்தவருக்கு, இல்லாதவன் எதை நினைத்து ஏங்குவான் என்று தெரிந்திருந்தது. சிறை அனுபவம் கொடுக்க வேண்டியதை ஏழ்மை கொடுத்துவிட்டது என்று இதைப் படிக்கிறேன்.

கேஷ் விதிவிலக்கு அல்ல. கன்ட்ரி இசையில் பத்து லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்ற முதல் ரெக்கார்டு என்று சொல்லப்படுவது 1924இல் வெர்னான் டால்ஹார்ட் பாடியது. அதன் ஒரு பக்கத்தில் ‘த ப்ரிசனர்ஸ் சாங்’. மறுபக்கத்தில் ரயில் விபத்தைச் சொல்லும் ‘ரெக் ஆஃப் த ஓல்ட் 97’. டால்ஹார்ட் டெக்சஸ்காரர்தான், ஆனால் நியூயார்க்கில் ஆப்பரா பாடிப் பிழைத்தவர். பெயரே சொந்தப் பெயரல்ல. டெக்சஸில் உள்ள வெர்னான், டால்ஹார்ட் என்ற இரண்டு ஊர்களின் பெயர்களைச் சேர்த்து வைத்துக்கொண்டது. சிறைப் பாட்டின் காப்புரிமை அவருடைய உறவினர் கை மாஸியின் பெயரில் பதிவானது. ரெக்கார்டு நிறுவனத்தின் இசை இயக்குநர் நதானியேல் ஷில்கிரெட், அதில் பெரும்பங்கு தன்னுடையது என்று பின்னாளில் சொன்னார். ஆக, இந்தக் கிளையின் மூலப் பாட்டே ஆப்பராப் பாடகர் ஒருவர் வேறு பெயரில் நகரத்து ஸ்டூடியோவில் பாடியது. அடுத்து வந்தவையும் அப்படித்தான். கர்லி புட்மன் ‘கிரீன், கிரீன் கிராஸ் ஆஃப் ஹோம்’ எழுதத் தூண்டியது 1950இல் வந்த ‘த அஸ்ஃபால்ட் ஜங்கிள்’ என்ற குற்றப் படம். ‘லாங் ப்ளாக் வெய்ல்’ பாட்டை 1959இல் லெஃப்டி ஃப்ரிஸெல் பாடினார். எழுதியவர்கள் டேனி டில்லும் மேரிஜான் வில்கினும். பாதிரியார் ஒருவரின் கொலை பற்றிய செய்தியையும், நடிகர் வாலண்டினோவின் கல்லறைக்குக் கறுப்பு முக்காடிட்டு வந்துபோன பெண்ணைப் பற்றிய செய்தியையும் சேர்த்துப் பிசைந்து எழுதினார்கள். கேட்டவர்கள் அதை நூறு வருடத்து நாட்டுப்புறப் பாட்டு என்று நம்பினார்கள். அப்படி நம்ப வேண்டும் என்றுதான் டில் எழுதினார்.

இங்கே எழும் முதல் மறுப்பு மெர்ல் ஹேகார்ட். அவர் சிறைக்குப் போனவர், சந்தேகமே இல்லை. கலிஃபோர்னியாவின் பேக்கர்ஸ்ஃபீல்டுக்குப் பக்கத்தில், பழைய ரயில் பெட்டியை வீடாக்கி வாழ்ந்த குடும்பத்தில் 1937இல் பிறந்தார். ஒன்பது வயதில் தந்தையை இழந்து, சீர்திருத்தப் பள்ளிகளுக்கு உள்ளேயும் வெளியேயுமாக வளர்ந்து, 1958இல் சான் க்வென்டின் சிறைக்கு வந்து சேர்ந்தார். புத்தாண்டு நாளில் அங்கே பாட வந்த கேஷைக் கைதிகளின் கூட்டத்தில் உட்கார்ந்து கேட்டார். 1960இல் பரோலில் வெளியே வந்தார். 1972இல் கலிஃபோர்னியாவின் அப்போதைய ஆளுநர் ரொனால்ட் ரீகன் அவருக்கு முழு மன்னிப்பு வழங்கினார். இப்படிப்பட்ட ஒருவர் பாடும்போது மற்றவர்கள் பாட்டு வெளிறிப்போகாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் ஹேகார்டின் கதையைக் கிட்டே போய்ப் பார்த்தால் அது என் பக்கத்துக்கே வருகிறது. கன்ட்ரி பட்டியலில் அவர் முதன்முதலாக முதலிடம் பிடித்த பாட்டு ‘ஐ’ம் எ லோன்சம் ஃப்யூஜிடிவ்’. சட்டத்துக்குப் பயந்து ஓடிக்கொண்டே இருக்கும் ஒருவனின் பாட்டு. எழுதியவர்கள் லிஸ் ஆண்டர்சனும் அவர் கணவர் கேஸியும். ஹேகார்ட் சிறைக்குப் போய் வந்தவர் என்பது எழுதும்போது அவர்களுக்குத் தெரியாது. அந்த நாட்களில் ஹேகார்ட் அதை வெளியில் சொல்லாமல் மறைத்துக்கொண்டிருந்தார். அவருடைய மறைவான வாழ்க்கையைத் தெரியாத இருவர் எழுதிய வரிகள், அவரே எழுதியதுபோல் அவர் வாயில் பொருந்தின. அனுபவம்தான் பாட்டைத் தருகிறது என்றால் இதற்கு விளக்கம் சொல்வது கடினம்.

1968இல் அவர் சொந்தமாக எழுதிய ‘மாமா ட்ரைட்’ இன்னும் தெளிவான சாட்சி. தாய் எவ்வளவோ முயன்றும் கெட்டுப்போன மகனின் பாட்டு. தந்தை இல்லாத வீடு, தனியாகப் பாடுபட்ட தாய், சிறையில் வந்த இருபத்தோராவது பிறந்தநாள் எல்லாம் அவருடைய வாழ்க்கையில் நடந்தவை. ஆனால் பாட்டில் வரும் மகனுக்குப் பரோலே இல்லாத ஆயுள் தண்டனை. ஹேகார்ட் உள்ளே இருந்தது மூன்று ஆண்டுகளுக்கும் குறைவு. மாட்டிக்கொண்ட கதையும் வீரக் கதை அல்ல: உணவு விடுதி ஒன்றின் பின்கதவைக் குடிபோதையில் உடைத்தார், விடுதி மூடிவிட்டது என்று நினைத்தார், உள்ளே ஆட்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இதை அப்படியே பாட்டாக்கியிருந்தால் உண்மை முழுசாக இருந்திருக்கும்; தாயின் தோல்வி இவ்வளவு கனத்திருக்காது. மகன் சீக்கிரம் வெளியே வந்துவிடுவான் என்றால் அந்தத் தாய்க்கு இன்னொரு வாய்ப்பு இருக்கிறதே. ஆயுள் தண்டனை அந்த வாய்ப்பை மூடிவிடுகிறது. சிறையை உள்ளிருந்து அறிந்த இந்தப் பெரிய கன்ட்ரி பாடகர், தான் அறிந்ததைக் கைவிட்டு, தான் அனுபவிக்காத தண்டனையைத் தேர்ந்தெடுத்தார். கேஷ் ரீனோவைத் தேர்ந்தெடுத்ததும் இதே வேலைதான். இருவரும் அனுபவத்துக்குக் கணக்கு ஒப்பிக்கவில்லை. பாட்டுக்கு எது தேவையோ அதைச் செய்தார்கள்.

இரண்டாவது மறுப்பு கனமானது. அதை எளிதாகத் தாண்டிப் போக எனக்கு மனமில்லை. அமெரிக்கச் சிறைகளிலேயே பிறந்த பாட்டுகள் ஏராளம் இருந்தன. மிசிசிப்பியின் பார்ச்மன் சிறைப் பண்ணையில் கறுப்பினக் கைதிகள் கோடாரி வீசியபடி பாடியவற்றை நாட்டுப்புறப் பாடல் சேகரிப்பாளர் ஆலன் லோமாக்ஸ் 1947, 48 ஆண்டுகளில் பதிவு செய்தார். அந்தப் பாட்டுகளில் கதையைவிடத் தாளம் முக்கியம். முன்னால் பாடுகிறவர் வேகத்தைப் பிடித்துவைத்தார். எல்லாக் கோடாரியும் ஒரே நொடியில் விழுந்தால், களைத்துப்போனவன் எவன் என்று காவலனுக்குத் தெரியாது. லூசியானாவின் ஹடி லெட்பெட்டர் — லீட் பெல்லி என்றுதான் உலகம் அவரை அறியும் — டெக்சஸிலும் லூசியானாவிலும் நெடுநாள் தண்டனை அனுபவித்தவர். 1933இல் ஆலன் லோமாக்ஸும் அவர் தந்தையும் அவரை லூசியானாவின் அங்கோலா சிறையில்தான் கண்டார்கள். இவ்வளவு பேர் உள்ளே பாடிக்கொண்டிருக்க, வெளியே இருந்த வெள்ளையர்கள் சினிமா பார்த்து எழுதிய பாட்டுகள் பணத்தையும் புகழையும் வாங்கிக்கொண்டன என்றால், ‘அனுபவம் தேவையில்லை’ என்று வாதாடுவது யாருக்குச் சாதகம்?

இந்தக் கேள்விக்கு என்னிடம் பாதிப் பதில்தான் இருக்கிறது. அந்தப் பாதியைச் சொல்கிறேன். அநீதி நடந்தது உண்மை. ஆனால் அது கேஷ் சிறைக்குப் போகாததால் நடக்கவில்லை. எடுத்ததற்குப் பெயரும் பணமும் கொடுக்காததால் நடந்தது. 1959இல் அவர் வெளியிட்ட ‘ஐ காட் ஸ்ட்ரைப்ஸ்’ என்ற சிறைப் பாட்டு, லீட் பெல்லியின் ‘ஆன் எ மண்டே’ பாட்டைப் பெருமளவு தழுவியது. பாடலாசிரியர்களாக அச்சானவர்கள் கேஷும் சார்லி வில்லியம்ஸும். லீட் பெல்லி இறந்து அப்போது பத்தாண்டு ஆகியிருந்தது. கேஷ் ஒருவேளை பத்து வருடம் சிறையில் கிடந்தவராகவே இருந்திருந்தாலும் இந்தக் கடன் கொஞ்சமும் குறைந்திருக்காது. ஜென்கின்ஸின் விஷயமும் அப்படியே. ‘ஃபோல்சம் ப்ரிசன் ப்ளூஸ்’ 1955இல் வந்தபோது ஜென்கின்ஸ் பெயர் அதில் இல்லை. பாட்டு பெரும் வெற்றியாக ஆனபின் அவர் நியாயம் கேட்டார். கேஷ் ஏறத்தாழ 75,000 டாலர் கொடுத்து சமரசம் செய்துகொண்டார். பணம் ஜென்கின்ஸோடு நின்றுவிட்டது. ஆனால் மெட்டு அவரிடம் தொடங்கவில்லை. லூசியானாவைச் சேர்ந்த கறுப்பினப் பியானோ கலைஞர் லிட்டில் பிரதர் மாண்ட்கோமரி 1930களில் பதிவு செய்த பியானோ இசையிலிருந்துதான் ஜென்கின்ஸ் மெட்டையும் தலைப்பையும் எடுத்திருந்தார். மேலே இருந்தவர் கேட்டார், கிடைத்தது. கீழே இருந்தவரின் பெயர் எந்தக் கணக்கிலும் வரவில்லை. ‘பாடியவன் உள்ளே இருந்தானா’ என்று மட்டும் துருவுகிறவர்கள் இந்தக் கணக்கைப் பார்ப்பதே இல்லை. அந்தக் கேள்வியை நான் வெறுப்பதற்கு இதுதான் காரணம்.

அந்தக் கேள்வி எந்த அளவுக்கு நம்மை ஏமாற்றும் என்பதற்கு 1968 ஜனவரி 13 சாட்சி. அன்று கேஷ் ஃபோல்சம் சிறையின் சாப்பாட்டுக் கூடத்தில் இரண்டு முறை கச்சேரி செய்தார். தயாரிப்பாளர் பாப் ஜான்ஸ்டன் பதிவு செய்தார். கேஷ் தன் பெயரைச் சொல்லி வணக்கம் சொல்லும்வரை கைதட்டக் கூடாது என்று கைதிகளிடம் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார்கள். முதல் பாட்டு ‘ஃபோல்சம் ப்ரிசன் ப்ளூஸ்’. காரணமில்லாமல் கொன்றதைச் சொல்லும் அந்த வரி முடிந்ததும் ஒரு கைதி ஆனந்தமாகக் கூவுவது ரெக்கார்டில் கேட்கும். கேட்பவர் முதுகு சில்லிட்டுப் போகும். இதுதான் நிஜம் என்று தோன்றும். அந்தக் கூவல் அந்த நொடியில் எழுந்ததல்ல. பின்னால் ஸ்டூடியோவில் ஒட்டியது. நிஜத்துக்கு அத்தாட்சியாகப் பலர் காட்டும் அந்த ஓசைதான் அந்த ரெக்கார்டில் சேர்த்துவைத்த ஓசை. இதனால் அந்தக் கச்சேரி பொய்யாகிவிடவில்லை. கைதிகள் வாயடைத்துக் கேட்டதும், மற்ற இடங்களில் சிரித்ததும் கத்தியதும் நிஜமாகவே பதிவாகியிருக்கின்றன. அந்த ஆண்டு ஜூன் மாதம் ராபர்ட் கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டபோது வானொலி நிலையங்கள் அந்த வரிக்கு அஞ்சிப் பாட்டை நிறுத்தின. கேஷின் ரெக்கார்டு நிறுவனமான கொலம்பியா வரியை வெட்டி மறுபடி வெளியிட்டது. அப்படி வெட்டிய பாட்டும் கன்ட்ரி பட்டியலில் முதலிடத்துக்குப் போனது.

அந்த ரெக்கார்டில் உள்ள பதினாறு பாட்டுகளில் ஃபோல்சம் கைதி எழுதியது ஒன்றே ஒன்று, கடைசியில் வரும் ‘கிரேஸ்டோன் சாப்பல்’. எழுதியவர் ஆயுதக் கொள்ளைக்காக அங்கே இருந்த க்ளென் ஷெர்லி. சிறைக்குள் இருக்கும் கல் தேவாலயத்தைப் பற்றிய பாட்டு. கைதிகளோடு பழகிவந்த ஃப்ளாய்ட் கிரெசட் என்ற பாதிரியார், ஷெர்லி பாடிப் பதிந்த டேப்பைக் கச்சேரிக்கு முந்தைய நாள் கேஷிடம் கொண்டுவந்து கொடுத்தார். கேஷ் அன்றே குழுவோடு பயிற்சி செய்து, மறுநாள் ஷெர்லி முன்வரிசையில் உட்கார்ந்திருக்க, பெயரைச் சொல்லி அறிவித்துப் பாடினார். ஷெர்லிக்கு அது நடக்கும் என்று தெரியாது. ரெக்கார்டில் ஆசிரியர் பெயராக அவர் பெயரே அச்சானது. ஜென்கின்ஸுக்கும் லீட் பெல்லிக்கும் செய்யாததைக் கேஷ் இங்கே செய்தார். சமரசமோ வழக்கோ தேவைப்படாமலே செய்தார். சிறையைப் பாடும் வெளியாளிடம் நாம் கேட்கக்கூடியது இவ்வளவுதான் என்று எனக்குப் படுகிறது.

அதற்குப் பின் நடந்ததையும் மறைக்கக் கூடாது. ஷெர்லி 1971இல் விடுதலையானார். கேஷ் அவரைத் தன் கச்சேரிக் குழுவில் சேர்த்துக்கொண்டார். 1972இல் சிறைச் சீர்திருத்தம் பற்றி அமெரிக்க செனட் துணைக்குழுவின் முன் கேஷ் சாட்சி சொன்னபோது ஷெர்லியும் உடன் போனார். ஆனால் சிறையில் கழிந்த ஆண்டுகள் அவரை விடவில்லை. குழுவில் நிலைக்க முடியாமல் விலக நேர்ந்தது. 1978இல் உயிரை மாய்த்துக்கொண்டார். பாட்டு அவருக்குப் பெயர் கொடுத்தது; வாழ வழி கொடுக்கவில்லை. கேஷ் அவரைக் கெடுத்துவிட்டார் என்று எழுதியவர்கள் உண்டு. எனக்கு அது அநியாயமாகப் படுகிறது. தண்டனை முடிந்த ஒருவனைத் தாங்கிப்பிடிப்பது ஒரு பாடகரின் தனி நல்லெண்ணத்தால் முடிகிற காரியமல்ல. கேஷ் செனட்டுக்குப் போனதே அதைச் சொல்லத்தான்.

பெயர் போடாமல் எடுத்த கடன் என்று பார்த்தால், டால்ஹார்டின் 1924 ரெக்கார்டின் மறுபக்கம் இன்னும் சிக்கலானது. ‘ரெக் ஆஃப் த ஓல்ட் 97’ தான் எழுதியது என்று வர்ஜீனியாவைச் சேர்ந்த டேவிட் கிரேவ்ஸ் ஜார்ஜ், விக்டர் ரெக்கார்டு நிறுவனத்தின் மேல் தொடுத்த வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. அந்த வழக்கை அடுத்த வாரம் எடுத்துக்கொள்வோம்.